ஆறு வாரத்தில் பாட்டிலைத் தின்றுவிடுமாம்!

வேதிவாத்தியார்:
"ஜப்பானின் இடியோனெல்லா சகாயென்சிஸ் பாக்டீரியா ஆறே வாரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்றுவிடும், குப்பைக் கவலை ஒழிந்தது" என்று நேற்று ஒருவர் எழுதிப் பாராட்டையும் அள்ளிக்கொண்டார். அது பாட்டிலைத் தின்னவில்லை ஐயா! 2016இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் அதற்குப் போட்ட தீனி, பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கான பெட்டின் (PET) மெல்லிய படலம். படிகத்தன்மை, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி இறுகிய பங்கு, வெறும் 1.9 விழுக்காடு. 30 டிகிரியில் வைத்துத்தான் அந்த ஆறு வாரம்.

கடலோடி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? படலமும் பெட், பாட்டிலும் பெட். சோறு தின்பவனுக்கு அரிசி ஆகாதா?

வேதிவாத்தியார்:
ஒரு பிடி நெல்லை வாயில் போட்டு மென்றுவிட்டு வந்து சொல்லுங்கள். படலம் சோறு, பாட்டில் உமி நீங்காத நெல்.

பட்டறைக்காரன்:
பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாட்டில் ஊதுகிறேன். சோதனைக்குழாய் போல வரும் ப்ரீஃபார்மைச் சூடாக்கி, உள்ளே கம்பி விட்டு நீட்டி, காற்றடித்து உப்ப வைப்போம். அந்த இழுப்பில்தான் பாட்டிலின் உடல் படிகமாகி இறுகுகிறது. கழுத்து இழுபடுவதில்லை.

கடலோடி:
அப்படியானால் கழுத்தைத் தின்னும்! கழுத்து பாட்டிலில் சேர்த்தியா இல்லையா?

தமிழ்நேசன்:
முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். ஒசாகா பக்கத்து ஊர் சக்காய். அங்கே பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில் எடுத்த மாதிரியில் கிடைத்ததால் அந்தப் பெயர். 'சகாய' என்றால் சகாய விலைக் கடைதான் நினைவுக்கு வருகிறது.

வேதிவாத்தியார்:
போன மாதம் 'பாக்டீரியா'வை 'பற்றீரியா' என்று திருத்த வந்தவரும் நீங்கள்தானே?

குடத்துநீர்:
இந்தப் பாக்டீரியாவைக் கிராம் நெகட்டிவ் என்கிறார்களே, நோய்க்கிருமியா?

வேதிவாத்தியார்:
கிராம் என்பது டென்மார்க்கு மருத்துவர் ஒருவரின் பெயர். அவருடைய ஊதாச் சாயம் இதில் நிற்காது, அவ்வளவுதான். பேச்சை மாற்றாதீர்கள். பாட்டில் இல்லை, படலம்!

கடலோடி:
2020இல் பிரெஞ்சுக்காரர்கள் பத்து மணி நேரத்தில் 90 விழுக்காடு பெட்டைக் கரைத்தார்களே, அதுவும் படலமா?

வேதிவாத்தியார்:
அவர்கள் கரைக்கப் பயன்படுத்திய நொதி இந்தப் பாக்டீரியாவினுடையதே இல்லை. இலைமட்கில் கிடைத்த நொதியைத் திருத்தி அமைத்தார்கள். பிளாஸ்டிக்கின் இறுக்கத்தைக் குலைத்து, பொடியாக்கி, 72 டிகிரியில் போட்டார்கள்.

கடலோடி:
ஆக, ஆறு வாரம்கூட வேண்டாம், பத்து மணி நேரம் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

வேதிவாத்தியார்:
நான் எங்கே சொன்னேன்? படலம் ஐயா, படலம்!

பட்டறைக்காரன்:
கழுத்து உடம்பைவிடத் தடிமன். அதை யாரும் கேட்கவே இல்லையே?