ஜனவரி டெல்லியில் இட்லி மாவு பொங்க
(டெல்லியின் மூன்று பகுதிகளில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகள்; பெயருக்குப் பதில் அவரவர் பகுதி)

முனிர்கா:
சென்னைக் கணக்கில் ராத்திரி அரைத்து, காலையில் ஊற்றலாம் என்று நினைத்தால் இட்லி கல்தான். மாவு நன்றாகப் புளிக்க 28-லிருந்து 32 டிகிரி வரை சூடு வேண்டும். இங்கே ஜனவரி ராத்திரி வெளியே 7, 8 டிகிரி. ஆகவே சனி மதியம் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ஞாயிறு ராத்திரி டிபனுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஆப்ப சோடா போட்டால் மாவு உப்பி வரும், ருசி வராது.

இட்லி அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். குளிருக்கு உளுந்தைக் கால் டம்ளர் கூட்டுங்கள். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரி உளுந்தோடுதான் அதிகம் வருகிறது. உளுந்து அரைத்தது போதுமா? ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். மூழ்கினால் இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும். அரிசிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். டேங்க் தண்ணீரே ஐஸ், அதில் அரைத்த மாவு குளிர் விடவே பாதி ராத்திரி போய்விடும்.

மயூர் விஹார்:
மாவுப் பாத்திரத்துக்கு ரஜாய் (கனத்த பஞ்சுப் போர்வை) சுற்றுவது பற்றி ஒன்று. ரஜாய் சூடு தராது, இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த மாவைச் சுற்றி வைத்தால் குளிரைத்தான் காக்கும்! மைக்ரோவேவை ஓட்டாமல், உள்ளே மாவோடு ஒரு பாத்திரம் கொதிநீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நாலு மணிக்கொரு தடவை நீரை மாற்றணும். ரூம் ஹீட்டர் முன்னால் வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் சுடும், மேலே ஏடு காயும்.

ஆர்.கே. புரம்:
குளிரில் உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் இன்னும் தாமதமாகும்.

மயூர் விஹார்:
அரை உப்பு முன்னால், அரை பின்னால் என்பது என் கட்சி. உப்பே இல்லாமல் 20 மணி நேரம் வைத்தால் வாடை தட்டும்.

முனிர்கா:
புளித்த வாசனை வந்தும் பொங்கவில்லையா? தண்ணீர் கூடிப்போய், காற்று நிற்காமல் வெளியேறியிருக்கும். அந்த மாவை இட்லித் தட்டில் ஊற்றாதீர்கள். வெங்காயம், பச்சைமிளகாய் தூவி ஊத்தப்பம் போடுங்கள், நன்றாகவே வரும். மேலே இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.