1962ல அமெரிக்காவுல பொறந்த மூணு டிஸ்கவுண்ட் கடை செயின், வால்மார்ட், கேமார்ட், டார்கெட்: உள்ள இருந்து பாத்தவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

பெண்டன்வில் பழசு:

வால்மார்ட்னா "சீப்பா கெடைக்கும்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க, எப்படி சீப்பாச்சுன்னு கேட்டா "எல்லாம் சைனா சரக்கு"ன்னு இன்னொரு வரி, அவ்ளோதான். நான் 2012ல இருந்து மூணு வருஷம் ஆர்கன்சாவுல, வால்மார்ட் ஹெட் ஆபீஸ் இருக்கிற பெண்டன்வில்ல குப்பை கொட்டினவன். வால்மார்ட்ல இல்ல, அவங்களுக்கு சரக்கு குடுக்கிற ஒரு கம்பெனியில டேட்டா பாக்குற வேலை. மொத வாரமே ஊர் நடுவுல ஸ்கொயர்ல இருக்கிற, வால்மார்ட்ட ஆரம்பிச்ச சாம் வால்டனோட பழைய கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க, அத மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்க. உள்ள அவரோட 1979 ஃபோர்டு பிக்கப் நிக்குது, பின்னாடி வேட்டை நாய்ங்களுக்குக் கூண்டு. 1985ல அமெரிக்காவுலயே பெரிய பணக்காரர்னு ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட ஆளோட வண்டி அது! என் மாமனார் கார் இத விட நல்லா இருக்கும்.

ஆனா எனக்கு மனசுல ஒட்டிக்கிட்டது அது இல்ல. அந்த மனுஷன் மொதல்ல 1945ல நியூபோர்ட்ங்கிற ஊர்ல ஒரு கடைய எடுத்து நல்லா ஓட்டியிருக்காரு, ஆனா லீஸ் பேப்பர்ல ரின்யூவல் பத்தி ஒரு வரி கூட இல்ல, கவனிக்காமலே கையெழுத்து போட்டுட்டாரு. கடை பிச்சிக்கிட்டு போறதப் பாத்த பில்டிங் ஓனர் லீஸ நீட்டிக்க மாட்டேன்னுட்டாரு. எல்லாத்தையும் விட்டுட்டு 1950ல பெண்டன்வில்லுக்கு வந்து மறுபடி மொதல்ல இருந்து. அப்புறம் 1962 ஜூலைல பக்கத்து ஊர் ராஜர்ஸ்ல மொத வால்மார்ட். அதே வருஷம் மார்ச்ல கேமார்ட், மே மாசம் டார்கெட். மூணும் ஒரே வயசு.

சின்ன சின்ன ஊரா பாத்து கடை போட்டதுதான் ஜெயிச்சதுக்குக் காரணம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, அது பாதிதான். மீதி பாதி சரக்கு போய் வர்ற விதம். ஒரு டிசி, அதாவது குடோன், அதுல இருந்து லாரி ஒரு நாளைக்குள்ள போய் சேர்ற தூரத்துல கடைங்க, அந்த வட்டம் ரொம்பினப்புறம் அடுத்த வட்டம். கடையில எறக்கிட்டு லாரி சும்மா திரும்பாது, வர்ற வழியில சப்ளையர் கிட்ட சரக்க ஏத்திக்கிட்டு வரும். 1987லயே சொந்தமா சாட்டிலைட் நெட்வொர்க் வச்சு எல்லா கடையையும் ஹெட் ஆபீஸோட கோத்துட்டாங்க. 1991ல ரீடெயில் லிங்க், அதாவது சப்ளையருங்க அவங்கவங்க சரக்கோட விற்பனைய பாக்குற கம்ப்யூட்டர் சிஸ்டம். நான் காலைல காபி கூட குடிக்காம மொதல்ல தொறக்கிறது அததான். எங்க ஐட்டம் எந்த கடையில நேத்து எத்தன வித்துச்சு, கைவசம் எவ்ளோ இருக்கு, எல்லாம் வந்துரும். பையர, அதாவது வால்மார்ட்டுக்கு சரக்கு வாங்குற ஆள, மீட் பண்ணப் போனா சின்ன ரூம், ஒரு மேசை, நாலு நாற்காலி. ஒரு காபி வாங்கிக் குடுக்க முடியாது, வாங்கிக்க மாட்டாங்க, ரூல்.

வேற கடைங்கள்ல வேல பாத்தவங்க, வாடிக்கையாளரா போனவங்க, யாரா இருந்தாலும் எழுதுங்க.

டிராய்க்காரன்:

கேமார்ட் பத்தி நான் சொல்றேன். 2001ல மிச்சிகன் வந்தேன், டிராய்ல அவங்க ஹெட் ஆபீஸ் இருந்த பிக் பீவர் ரோடு வழியாத்தான் தினமும் வேலைக்கு. எவ்ளோ பெரிய கட்டடம்! அந்த வருஷம்தான் ப்ளூ லைட் ஸ்பெஷல திரும்ப கொண்டு வந்தாங்க. தெரியாதவங்களுக்கு, கடைக்குள்ள திடீர்னு ஒரு நீல விளக்கு சுத்தும், மைக்ல அறிவிப்பு வரும், அந்த எடத்துல கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வெல கொறையும். 1965ல ஆரம்பிச்ச பழக்கம். நான் ஒரு தடவ கூட்டத்தோட கூட்டமா ஓடிப்போய் நின்னா அங்க கொழந்தைங்க டயப்பர், எனக்கு அப்ப கல்யாணமே ஆகல. இருந்தாலும் ஒரு பாக்கெட் எடுத்துட்டேன், ரூம்மேட் ஒரு மாசம் ஓட்டினான்.

2002 ஜனவரில திவால் மனு போட்டாங்க. அடுத்த ஒன்னரை வருஷத்துக்குள்ள 600க்குப் பக்கத்துல கடைங்கள மூடினாங்க. எங்க வீட்டுக்கிட்ட இருந்ததும் போச்சு. கடைசி வாரம் போனப்ப சரக்கு எல்லாம் முடிஞ்சு, ரேக், ஹேங்கர், துணி மாட்டுற ஸ்டாண்டு வரைக்கும் வெல ஒட்டி வச்சிருந்தாங்க. ஒரு இரும்பு ரேக் வாங்கினேன், இன்னிக்கும் கராஜ்ல பெயிண்ட் டப்பா அதுலதான்.

நீங்க லாரி, சாட்டிலைட்னு சொன்னீங்கல்ல, அதே காலத்துல கேமார்ட் என்ன பண்ணாங்கன்னா புத்தகக் கடை செயின், ஸ்போர்ட்ஸ் கடை செயின், ஹார்டுவேர் கடை செயின்னு வாங்கிக் குவிச்சாங்க, வால்டன்புக்ஸ் கூட அவங்களோடதா இருந்துச்சு. 1990 வாக்குல வால்மார்ட் அவங்கள தாண்டிருச்சு. ஒரு காலத்துல கேமார்ட் பக்கத்துல கூட வர முடியாத கம்பெனிதான் வால்மார்ட்.

நைட்ஷிஃப்ட் அக்கா:

தம்பிங்களா, நீங்க ரெண்டு பேரும் ஏசி ரூமும் ரோடும் பத்தி பேசுறீங்க. நான் ஆறு வருஷமா ஒரு டிஸ்கவுண்ட் கடையில ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறரை வரைக்கும் சரக்கு அடுக்குறவ, கடை பேர் வேண்டாம், மேனேஜருக்குத் தமிழ் தெரியாதுதான் ஆனாலும் வேண்டாம்.

அந்த "கைவசம் எவ்ளோ"ன்னு ஒரு நம்பர் சொன்னீங்களே, அதப் பத்திதான் எனக்கு வயித்தெரிச்சல். கம்ப்யூட்டர்ல ஷாம்பூ 4 இருக்குன்னு காட்டும், ஷெல்ஃப்ல ஒண்ணும் இருக்காது. 4 இருக்கே, எதுக்கு அனுப்பணும்னு சிஸ்டம் புதுசா வரவழைக்காது. வாரக்கணக்கா அந்த எடம் காலியாவே கெடக்கும். பகல்ல இருக்கிறவங்க பாக்க அசிங்கமா இருக்குன்னு பக்கத்துல இருக்கிற பாட்டில இழுத்து நிரப்பிருவாங்க, அப்புறம் ஓட்டை இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நான் ஏணி போட்டு மேல் தட்டுல பாத்தேன். கிழிஞ்ச அட்டைப்பெட்டி, அதுக்குள்ள நல்லதா மூணு, இன்னொண்ணு ஒழுகிப் போய் பெட்டியோட ஒட்டிக்கிட்டு. நாலும் ஆச்சா! ஹேண்ட்ஹெல்ட, அதாவது கையில வச்சு ஸ்கேன் பண்ற மெஷின, எடுத்து ஒழுகினத டேமேஜ்ல போட்டேன், கணக்கு மூணாச்சு, மூணையும் கீழ எறக்கி அதுங்க எடத்துல வச்சேன். வச்ச மூணும் அன்னிக்கே வித்துருச்சாம், அடுத்த லாரியில முழு பெட்டி வந்துச்சு. இதுக்கு எனக்கு ஒருத்தரும் தேங்க்ஸ் சொல்லல, சரக்கு இழுக்கிற வண்டிய, அந்த பேலட் ஜாக்க, நடைபாதையில விட்டதுக்கு மட்டும் திட்டு வாங்கினேன்.

பெண்டன்வில் பழசு:

அக்கா, சத்தியமா சொல்றேன், நாங்க இத எக்ஸெல்ல தேடுவோம். கைவசம் நாலு, மூணு வாரமா விற்பனை பூஜ்யம்னு இருக்கிற கடைய ஃபில்டர் பண்ணி லிஸ்ட் எடுப்போம், எங்க பாஷையில பேய் சரக்கு. லிஸ்ட் எடுக்கலாம், ஏணி ஏற முடியாதே. 2017ல இருந்து வால்மார்ட்ல இன்னும் கெடுபிடி, சரக்கு சொன்ன நாள்ல முழுசா வரலைன்னா சரக்கு மதிப்புல 3 சதவீதம் சப்ளையருக்கு அபராதம்னு கொண்டு வந்தாங்க. லேட்டா வந்தாலும் தப்பு, ரொம்ப சீக்கிரம் வந்தாலும் தப்பு.

ஸ்கார்பரோ அண்ணை:

டார்கெட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, நான் சொல்லுறன். கனடாவில எங்கட ஆக்களுக்கு ஸெல்லர்ஸ் எண்ட பழைய கடைச் செயின் எண்டால் ஒரு பாசம், வந்த முதல் குளிருக்கு ஜாக்கெட் வாங்கினது அங்கதான். அந்தக் கடையளின்ர லீஸைத்தான் டார்கெட் 2011ல பெருங்காசு குடுத்து எடுத்தது. 2013 மார்ச்சில துறக்கத் தொடங்கி அந்த ஒரு வருசத்துக்குள்ளயே 124 கடை. 2015 ஜனவரியில கனடாவை விட்டுப் போறம் எண்டு அறிவிச்சாச்சு, 133 கடை, 17,000க்கு மேல ஆக்களுக்கு வேலை போச்சு.

என்ன நடந்தது எண்டு பிறகு பத்திரிகையில விவரமா வந்தது, வாசிச்சுப் போட்டுச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்ல. புது கணினி முறை, அவசர அவசரமாச் சாமான் விபரம் ஏத்தினவை. சென்டிமீட்டர் போட வேண்டிய இடத்தில இஞ்ச், நீளம் போட வேண்டிய இடத்தில அகலம். கணினி நினைக்கிற பெட்டி ஒண்டு, வாற பெட்டி வேற. குடோன் நிறைஞ்சு வழியுது, கடைத் தட்டு வெறுமை. அந்த அக்கா சொன்ன ஷாம்பூக் கதைதான், நாடு முழுக்க.

நைட்ஷிஃப்ட் அக்கா:

அண்ணா, நீங்க சொன்னதப் படிச்சிட்டு ஏப்ரன் பாக்கெட்டத் தொட்டுப் பாத்தேன், டேப் இருக்கு. ஒரு பக்கம் இன்ச், ஒரு பக்கம் சென்டிமீட்டர். இன்னிக்கு பாத்திரம் செக்ஷன்ல மாட், அதாவது தட்டுல சரக்கு அடுக்குற அமைப்பு, மாத்துறாங்க, எந்தத் தட்டு எந்த ஒசரத்துல வரணும்னு படம் போட்டுக் குடுத்திருக்காங்க, அந்தப் படத்துல இருக்கிற குக்கர் எங்க கடைக்கு இன்னும் வரவே இல்ல. பத்து மணி ஆகப்போகுது, கெளம்புறேன்.