டெஸ்டருக்குத் தரும் பில்டுகளுக்கு எப்படி எண் வைக்கிறீர்கள்?

கேள்வி:
மளிகைக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறோம், மூன்றே பேர். விண்டோஸில் ஓடுவது, எம்எஸ்ஐ கோப்பாக, அதாவது இன்ஸ்டால் செய்யும் கோப்பாகத் தருகிறோம். கடைசியாக வெளியிட்டது 1.3. அடுத்தது 1.4 என்பதால், டெஸ்டருக்குப் போகிற எல்லா பில்டுக்கும் (மாற்றம் செய்யும்போதெல்லாம் புதிதாக உருவாக்கித் தரும் பதிப்பு) 1.4 என்றே பெயர். போன வியாழக்கிழமை அவர், "ரவுண்ட் ஆஃப் இன்னும் தப்பாத்தான் வருது" என்றார். காலையில்தான் அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தேன். ராத்திரி பதினொரு மணி வரை புரோகிராமைக் குடைந்துவிட்டுப் பார்த்தால், அவர் போட்டிருந்தது செவ்வாய்க்கிழமை பில்ட்! சரி, தேதியையே வைத்துவிடலாம் என்று 1.4.20250612 கொடுத்தேன். எம்எஸ்ஐ ஏற்கவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
எம்எஸ்ஐயில் பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இடங்களுக்கு 255தான் உச்சம், மூன்றாவதற்கு 65535. எட்டு இலக்கத் தேதி எங்கே நுழையும்? அதற்காக நான்காவது இடத்துக்குப் போய்விடாதீர்கள், நான் மாட்டியது அங்கேதான். அப்கிரேடா இல்லையா என்று பார்க்கும்போது இன்ஸ்டாலர் நான்காவது எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. 1.4.0.12 இருந்த கணினியில் 1.4.0.13ஐப் போட்டேன், கன்ட்ரோல் பேனலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது இடத்தில் ஏறிக்கொண்டே போகும் பில்ட் எண்ணை வையுங்கள்: 1.4.137.

பதில் 2:
தேதி ஆசை விடவில்லையென்றால் 25163 என்று வைக்கலாம். 2025ஆம் வருடத்தின் 163ஆவது நாள், அதாவது ஜூன் 12. ஐந்து இலக்கத்தில் அடங்கிவிடும். ஒரே நாளில் இரண்டு பில்ட் போனால்தான் சிக்கல்.

பதில் 3:
எண்ணோடு, எந்த கமிட் (புரோகிராமில் பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) என்பதும் தெரிய வேண்டும். இந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளின் 'கிட் டிஸ்கிரைப்' கட்டளை கடைசி டேக் (ஒரு கமிட்டுக்கு நாம் இடும் பெயர்), அதற்குப் பின் எத்தனை கமிட், ஹாஷின் (கமிட்டின் அடையாளக் குறி) முன்பகுதி மூன்றையும் சேர்த்தே தரும். அதை 'அபவுட்' திரையில் காட்டுங்கள், ஆனால் ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள். 1.3.0-37 என்றால் கிட் கணக்கில் 1.3.0க்கு 37 கமிட் பிந்தியது. பதிப்பு எண் வைப்பதற்கான 'செமாண்டிக் வெர்ஷனிங்' விதியிலோ ஹைஃபன் வந்தாலே முன்வெளியீடு, அதனால் அது 1.3.0க்கும் முந்தியதாகிவிடும். தலைகீழ்!

கேட்டவர்:
ஒரே நாளில் மூன்று பில்ட்கூடப் போகும், அதனால் தேதி வேண்டாம். பதில் 1ல் சொன்னபடி மாற்றிவிட்டேன், ஹாஷ் 'அபவுட்' திரையில் வருகிறது. இன்று டெஸ்டர் போனில், "137ல தப்பு, 138ல சரியா வருது" என்றார். 1.5க்குப் போகும்போது எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், ஓடட்டும். "138" என்று மட்டும் சொன்னாலே எந்த பில்ட் என்று தெரிய வேண்டும்.