முன்சக்கர பிரேக் ஹோஸ் (சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைப்பாதை:
வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்குவதற்குள் கார் இடது பக்கம் இழுத்தது. நிறுத்திப் பார்த்தால் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படி ஒரு அனல். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். நன்றாக ஆறவிட்டு முதல் கியரிலேயே இறக்கினேன்.

கேலிப்பர் (பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கிட் மாற்றினார்கள். பத்தே நாளில் மறுபடியும் அதே சூடு. அப்புறம் வயதான மெக்கானிக் ஒருவர் ஜாக்கி போட்டு, பெடலை மிதித்துக் காலை எடுத்துவிட்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. ஹோஸின் மேல்முனை நட்டைத் தளர்த்தினார், அப்போதும் இறுக்கம்தான். கேலிப்பரில் காற்று எடுக்க இருக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீச்சியடித்தது, சக்கரம் சுற்றியது. கழற்றிய ஹோஸை நீளவாக்கில் அறுத்து, "உள்ள பாருங்க தம்பி" என்றார். உள்ரப்பர் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. வெளியே ஒரு கீறல் கிடையாது. மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்ப வழியில்லை. அந்த ரப்பர் நாக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஈரோட்டுக்காரன்:
நானே மாற்றப் போய், ஹோஸும் இரும்புக் குழாயும் சேருமிடத்தில் உள்ள 10 எம்எம் நட்டில் சாதா ஸ்பேனர் போட்டேன். மூலை மழுங்கிவிட்டது. விடாமல் திருப்பினேன், நட்டோடு இரும்புக் குழாயும் முறுகியது. அவ்வளவுதான், குழாயும் புதிது.

செய்யப்போகிறவர்கள் கவனியுங்கள். பிரேக் குழாய்க்கென்றே நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் இருக்கிறது, அதை வாங்குங்கள். முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். ஹோஸைக் கேலிப்பரோடு சேர்க்கும் பான்ஜோ போல்ட்டின் இரண்டு செம்பு வாஷரும் புதிதாக இருக்கணும். இரண்டு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது) மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் தீர விடாதீர்கள். திறந்து மாதக்கணக்கில் கிடந்த ஆயில் வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

திருச்சி நண்பன்:
ஈரோட்டு நண்பரே, ஸ்பிரே விஷயத்தை அப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள். டிஸ்கிலோ பேடிலோ பட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. நட்டை மட்டும் நனைக்கணும், சுற்றிலும் துணி வைக்கணும்.

என் காருக்கு பேடு மாற்றியவர் கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டார். பக்கத்தில்தான் நின்றேன், கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு சிக்னலில் பெடல் ஏறக்குறைய தரைவரை போனது. ஹோஸ் கேலிப்பரில் சேருமிடத்தில் பிளந்திருந்தது. மூலைக்கு மூலை (ஒரு முன்சக்கரத்துக்கும் எதிர்ப்பக்கப் பின்சக்கரத்துக்கும்) தனி லைன் என்பதால் மற்ற இரண்டு சக்கரம் பிடித்தது, ஹேண்ட் பிரேக்கும் போட்டேன். முன்னால் ஸ்கூட்டியில் ஒரு அம்மாவும் குழந்தையும், ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மலைப்பாதை:
இரண்டு பக்கமும் மாற்றியாச்சு நண்பர்களே. ஒன்று விட்டுப்போனது: மாட்டி முடித்ததும் அந்தப் பெரியவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடிக்கச் சொன்னார். வலது ஹோஸ் முறுக்கிக்கொண்டு டயரில் உரசியது. கழற்றி, முறுக்கை எடுத்து மறுபடி மாட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.