டிசம்பர் 22-க்குப் பிறகும் சென்னையில் சூரியன் தாமதமாக உதிப்பது ஏன்?

மொட்டைமாடி கேட்டது:

டிசம்பர் 21 அல்லது 22-தான் ஆண்டிலேயே பகல் குறைந்த நாள். அப்படியானால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பதும் மிகச் சீக்கிரம் மறைவதும் அன்றுதானே இருக்க வேண்டும்? சென்னைக்கான நேரங்கள் வேறு மாதிரி இருக்கின்றன:

நவம்பர் 20: உதயம் 6:10, மறைவு 5:39
டிசம்பர் 22: உதயம் 6:27, மறைவு 5:48
ஜனவரி 22: உதயம் 6:36, மறைவு 6:05

நவம்பர் கடைசியிலேயே மாலை நீள ஆரம்பித்துவிடுகிறது. காலை இருட்டோ தை பிறந்த பிறகும் கூடிக்கொண்டே போகிறது. பட்டியல் தப்பா, என் கணக்கு தப்பா? கருவி எதுவும் வாங்காமல் வீட்டிலேயே சரிபார்க்க வழி உண்டா?

---

குறுக்குக்கோடு:

பட்டியல் சரி. டிசம்பர் 22-ல் பகல் 11 மணி 21 நிமிடம். மற்ற இரண்டு நாளிலும் 11 மணி 29 நிமிடம். நீங்களே கழித்துப் பாருங்கள். பகலின் நீளம் நினைத்தபடிதான் நடக்கிறது. இடம் மாறுவது பகலின் நடுப்புள்ளி, அதாவது உச்சிவேளை. ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வேகமாக ஓடுகிறது. அதனால் உச்சிவேளை நாளுக்கு நாள் பிந்துகிறது. அவ்வளவுதான்.

---

தென்புலம்:

உச்சிவேளை நகர்கிறது என்பது சரி. காரணம் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் சின்னப் பாதி.

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி ஆவதில்லை. 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். அதற்குள் தன் பாதையில் ஏறக்குறைய 1 டிகிரி முன்னே போய்விடுவதால், அதே ஊர் மறுபடியும் சூரியனுக்கு நேரே வர இன்னும் 4 நிமிடம் போல் சுழல வேண்டியிருக்கிறது. இந்த 4 நிமிடம் தினமும் ஒரே அளவாக இருந்தால் உச்சிவேளை நகராது. அப்படி இருப்பதில்லை, இரண்டு காரணங்களால்.

ஒன்று, மேலே சொன்ன வேகம். ஜனவரி 3, 4 வாக்கில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது நாளொன்றுக்கு 1.02 டிகிரி நகர்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 0.95 டிகிரி. இது மட்டும் இருந்தால் ஆண்டில் உச்சிவேளை சராசரியிலிருந்து 7.7 நிமிடம் வரைதான் விலகும்.

இரண்டாவது, பூமியின் அச்சுச் சாய்வான 23.4 டிகிரி. இதன் பங்கு 9.9 நிமிடம் வரை போகும். பூசணிக்காயின் வரிகள் நடுவில் அகன்று காம்பருகே நெருங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் வடக்கு தெற்காக இழுத்த கோடுகளும் அப்படித்தான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் அகன்ற நடுப்பகுதியை, அதுவும் குறுக்குச் சாய்வாகக் கடக்கிறது. அதனால் ஒரு நாளில் கிழக்கே குறைவாகவே நகர்கிறது. டிசம்பரிலும் ஜூனிலும் கோடுகள் நெருங்கிய இடத்தில் அவற்றுக்கு நேர்க்குறுக்காகப் போகிறது. அதே 1 டிகிரிப் பயணம் அப்போது ஏறத்தாழ 1.09 டிகிரியாகிவிடுகிறது.

டிசம்பர் கடைசியில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 24 மணி 30 விநாடி ஆகிறது. ஜூனில் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால் கூடுதல் 13 விநாடிதான். செப்டம்பர் நடுவில் 24 மணியைவிட 21 விநாடி குறைவு. தினம் அரை நிமிடம் என்பது அற்பமாகத் தெரியலாம், ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். சென்னையில் டிசம்பர் 22-ல் 12:07-க்கு இருந்த உச்சிவேளை ஜனவரி 20-ல் 12:20 ஆகிறது. இந்த 29 நாளில் அரைப்பகல் நீள்வது 3½ நிமிடம் மட்டுமே. உச்சி 12½ நிமிடம் பின்னே போக, உதயம் 3½ நிமிடம் முன்னே வர, நிகரமாக 9 நிமிடத் தாமதம். உங்கள் பட்டியலில் 6:27, 6:36 ஆனது இதனால்தான்.

வடக்கே போகப் போக பகலின் நீளம் வேகமாக மாறும், அதனால் இந்த நகர்வு அமுங்கிவிடும். டெல்லியில் மிகத் தாமதமான உதயம் ஜனவரி இரண்டாம் வாரம், லண்டனில் ஆண்டு திரும்பும் சமயம். சென்னையில் ஜனவரி 20-25.

---

சிங்கைக்கிளி:

மேலே சொன்னதற்கு அடுத்த படி சிங்கப்பூர். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர், பகல் ஆண்டு முழுக்க 12 மணிக்குச் சற்று மேல், பெரிய மாற்றமே கிடையாது. ஆனாலும் நவம்பர் தொடக்கத்தில் 6:46-க்கு உதிக்கும் சூரியன் பிப்ரவரி நடுவில் 7:16-க்கு உதிக்கிறது. டிசம்பர் 22-க்கு இங்கே எந்தத் தனிச்சிறப்பும் இல்லை. உதயம் 7 மணியைச் சுற்றி இருப்பதற்குக் காரணம் வேறு: கடிகாரம் 120 டிகிரித் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, ஊர் இருப்பதோ 103.8-ல். ஒரு மணி 5 நிமிட வித்தியாசம்.

---

தூக்குக்குண்டு:

வீட்டில் சரிபார்ப்பது பற்றி. குச்சி நட்டு நிழல் நுனியைக் குறிப்பது எல்லாரும் முதலில் செய்வது, அதில்தான் ஏமாறுவார்கள். சூரியன் புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலம். 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 1 செ.மீ.க்கு மேல் மங்கிக் கிடக்கும். எங்கே புள்ளி வைப்பது?

நுனிக்குப் பதில் ஓட்டை வையுங்கள். தகரத் துண்டில் 3 மி.மீ. துளை போட்டு, பலகைக்கு 50 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி தாங்கியில் பொருத்துங்கள். துளை வழியே விழும் வட்ட ஒளி சூரியனின் பிம்பம். அதன் மையத்தை 1 மி.மீ. துல்லியத்தில் குறிக்கலாம். துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியைத் தூக்குக்குண்டு விட்டுக் குறியுங்கள். அதை மையமாக வைத்து 45, 50, 55 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டம். காலையில் ஒளி ஒவ்வொரு வட்டத்தையும் உள்நோக்கிக் கடக்கும் நேரத்தை விநாடியோடு எழுதுங்கள். பிற்பகலில் அதே வட்டத்தை வெளிநோக்கிக் கடக்கும்போது மறுபடி. இரண்டுக்கும் நடு நேரம்தான் உச்சி. உதாரணமாக 10:21:10, 2:15:30 என்று வந்தால் நடு 12:18:20. ஜனவரி 15 வாக்கில் சென்னையில் வர வேண்டியது இதை ஒட்டித்தான். மூன்று வட்டத்தின் விடையும் ஒரு நிமிடத்துக்கு மேல் முரண்பட்டால் பலகை நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடியில் ஒரு பொறி உண்டு: தளம் மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். பலகை கிழக்கு மேற்காக 1 டிகிரி சாய்ந்தாலே விடை 2 நிமிடம் போல் தவறும். 100-க்கு 1 வாட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல். ரசமட்டம் வைத்து நான்கு மூலைக்கும் அட்டை கொடுத்துச் சரிசெய்த பிறகே வட்டம் போடுங்கள். கைபேசியின் நேரம் வலையிலிருந்து தானாக எடுப்பதாக இருக்கட்டும்.

கூடுதல் லாபம்: ஒரே வட்டத்தில் வைத்த இரு புள்ளிகளின் நடுவையும் மையத்தையும் இணைத்தால் அசல் வடக்கு தெற்கு. சோலார் பலகை பொருத்துகிறவர்களுக்கு இது காந்த ஊசியைவிட நம்பகம், கான்கிரீட் கம்பி ஊசியை இழுக்கும். கோயில் மனைக்கு ஸ்தபதிகள் சங்கு நட்டுத் திசை கண்டதும் இந்த வட்ட முறையில்தான்.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், காலை மாலை வட்டங்கள் அப்போதும் கிடைக்கும். ஆனால் உச்சியில் நிழல் காலடியிலேயே விழுந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிநிழல் தெற்கே விழும். அப்போது வடக்கையும் தெற்கையும் மாற்றிக் குறித்துவிட வாய்ப்பு அதிகம்.

---

மொட்டைமாடி:

நன்றி. சென்னைக்கு உச்சி 12:20 என்றெல்லாம் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? நாள்காட்டியில் போட்ட உதயமும் கைபேசி காட்டுவதும் 4 நிமிடம் வரை வேறுபடுகிறதே?

---

தென்புலம்:

இந்திய நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு. சென்னை 80.27. வித்தியாசம் 2.23 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 8.9 நிமிடம். சராசரி உச்சி 12:09. இதன்மேல் அன்றைய திருத்தம். நேரச் சமன்பாடு என்பார்கள். பெயர்தான் சமன்பாடு, காரியத்தில் கூட்டிக் கழிக்கும் எண். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தும் (உச்சி 12:23), நவம்பர் 3 வாக்கில் 16½ நிமிடம் முந்தும் (11:52½). ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 நாட்களை ஒட்டிப் பூஜ்யம். கவனம்: சில பட்டியல்கள் நவம்பருக்குக் கூட்டல் குறி போடும், சில கழித்தல். குறியை நம்பாமல் "நவம்பரில் சூரியன் முந்தும்" என்பதை நினைவில் வையுங்கள். பள்ளிவாசல் அட்டவணையில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் ஆண்டுக்குள் அரை மணி அளவுக்கு ஆடுவதும் இதே திருத்தம்தான்.

---

அகசு:

நாள்காட்டி விஷயம்: உதயம் என்றால் எது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. கைபேசியும் வானிலைத் துறையும் சூரியனின் மேல் விளிம்பு தெரியும் கணத்தை எடுக்கும்; காற்று ஒளியை வளைத்து 34 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) தூக்கிக் காட்டுவதையும் சேர்க்கும். பஞ்சாங்கக் கணிதத்தில் வட்டத்தின் நடு, ஒளிவளைவு இல்லாமல். சென்னைக்கு இது காலையில் 3½ முதல் 4 நிமிடம், மாலையிலும் அதே அளவு. டிசம்பர் 22-ன் அகசு, அதாவது பகலின் நீளம், 28 நாழிகையை (ஒரு நாழிகை 24 நிமிடம், அதாவது 60 விநாழிகை) ஒட்டி வருவதும், கைபேசிக் கணக்கில் 28 நாழிகை 23 விநாழிகை ஆவதும் இதனால். ஒரு பஞ்சாங்கத்தின் உதயத்தை இன்னொன்றின் மறைவோடு சேர்த்து ராகுகாலம் பிரிக்காதீர்கள்.

தை பிறந்தும் இருட்டு என்றீர்களே, அது தனிக் கதை. தை 1 நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும் மகரப் பிரவேசம், அதாவது சூரியன் மகர ராசிக்குள் நுழைவது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22. பூமியின் அச்சு ஆண்டுக்கு 50.3 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) தள்ளாடுவதால் இரண்டும் 71, 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது 24 டிகிரி, அதாவது 24 நாள் போல் தள்ளி நிற்கின்றன. உதயத் தாமதத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.