மறு: 'ஒட்டுப்புரதம்' வேண்டாம், 'பற்றுமூலக்கூறு' என்போமா?

வணக்கம்.

செல்கள் ஒன்றையொன்றும் சுற்றியுள்ளவற்றையும் பிடித்துக்கொள்ள உதவும் மூலக்கூறுகளுக்கு (cell adhesion molecules) 'ஒட்டுப்புரதம்' என்று தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற யோசனைக்கு என் பதில் இது. அந்தப் பெயர் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டு என்றதும் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்ட நினைப்பு வருகிறது, இந்த மூலக்கூறுகளுக்கோ பிடிப்பது எவ்வளவு முக்கியமோ விடுவதும் அவ்வளவு முக்கியம். கிருமி புகுந்த இடத்துக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு போகிற விதத்தைப் பாருங்கள்: ரத்தக்குழாயின் உட்சுவரிலுள்ள செலக்டின்கள் என்ற பற்றுமூலக்கூறுகள் அந்த வெள்ளணுவின் மேலிருக்கும் சர்க்கரைத் தொடர்களைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன, அதனால் அது ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகாமல் சுவரோரமாக உருள்கிறது, அப்புறம் கீமோகைன் (செல்களை வரவழைக்கும் புரதம்) சமிக்ஞை கிடைத்ததும் அதன் மேலுள்ள இன்டெகிரின்கள் என்ற இன்னொரு வகைப் பற்றுமூலக்கூறுகள் வடிவம் மாறி, குழாய்ச் சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற மூலக்கூறை இறுகப் பற்ற, நின்றுவிடுகிறது, பிறகு சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைகிறது. இதில் எங்கே 'ஒட்டு'? போதாக்குறைக்கு ரத்த வகைப் பாடத்தில் 'ஒட்டுத்திரட்சி' (ரத்த அணுக்கள் கட்டியாகத் திரள்வது, agglutination) வேறு இருக்கிறது, மாணவர்கள் குழம்புவார்கள்.

adhesion என்பதற்கு இயற்பியலில் உள்ள 'வேறினக் கவர்ச்சி'யை (வெவ்வேறு பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பது) எடுத்துக்கொள்ளலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது பக்கத்துப் பக்கத்து செல்களைப் பிணைக்கும் கேட்ஹெரின் என்ற பற்றுமூலக்கூறிடம் வந்து மாட்டிக்கொள்ளும். ஒரு செல்லின் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் பக்கத்து செல்லின் ஈ-கேட்ஹெரினைத்தான் பிடிக்கிறது. இனத்தோடு இனம் சேர்வதற்கு வேறினம் என்று பெயர் வைப்பதா!

'பற்று' என்றால் நோய்ப் பெயர்களும் தடுமாறாமல் வரும். 'வெள்ளணுப் பற்றுக் குறைபாடு' (leukocyte adhesion deficiency) என்று சொல்லிப் பாருங்கள். அதன் முதல் வகையில் பிறவியிலேயே பீட்டா-2 இன்டெகிரின் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும்; ரத்தத்தில் வெள்ளணு ஏராளம், ஆனால் தொற்று வந்த இடத்தில் சீழே பிடிக்காது, குழந்தைக்குத் தொப்புள்கொடி விழவும் தாமதமாகும். பெயரைக் கேட்டதுமே காரணம் பாதி புரிந்துவிடுகிறது, இல்லையா?

மருந்துக்கு 'பற்றுத்தடுப்பி'. நட்டாலிசுமாப் என்ற மருந்து ஆல்ஃபா-4 இன்டெகிரினை மறித்து, மூளைக்குள் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு நுழைவதைக் குறைக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நல்லதுதான், ஆனால் காவல் குறைந்த மூளையில், பலர் உடலில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ் தலையெடுத்து ஆபத்தான மூளைத்தொற்றை உண்டாக்கலாம். அதனால்தான் 2005இல் விற்பனையை நிறுத்தி 2006இல் கடும் கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

'செல்பற்றி' என்று சுருக்க மட்டும் வேண்டாம், 'செல்லைக் குறித்து' என்று படித்துவிடுவார்கள். 'செல் பற்றுமூலக்கூறு' என்றே இருக்கட்டும். பாக்டீரியா நம் செல்களைப் பிடிக்கப் பயன்படுத்தும் அட்ஹெசினுக்கு 'பற்றான்' சரிப்படுமா? வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.