மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஃபில்டரில் ஆண்ட், ஆர் கலக்கும்போது சிக்கல், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுக்குமாடிக் கட்டட வேலை ஒன்றின் ஷெட்யூலை மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 2016-இல் வைத்திருக்கிறேன். வாரா வாரம் சைட் சூப்பர்வைசருக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்: அடுத்த இரண்டு வாரத்தில் தொடங்குகிற வேலைகளில் எதற்கு இன்னும் ஆள் போடவில்லை, கொத்தனார் செட்டுக்கு என்னென்ன இருக்கிறது, இரண்டும் ஒரே பட்டியலில்.

அதற்காக எழுதும் ஃபில்டரில் 'ரிசோர்ஸ் நேம்ஸ்' (வேலைக்குப் போட்ட ஆட்களின் பெயர்) 'கண்டெய்ன்ஸ்' கொத்தனார் என்று கொடுத்தால் 'கொத்தனார் உதவியாள்' உள்ள வேலைகளும் கூடவே வந்து நிற்கும், 'கண்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி' என்று மாற்றியதும் அது சரியாகிவிட்டது. ஆள் இல்லாத வேலைக்கு 'ஈக்குவல்ஸ்' போட்டு மதிப்பைக் காலியாக விட்டேன், சம்மரி வரிகளுக்கும் (பல வேலைகளைத் தொகுக்கும் தலைப்பு வரிகள்) ஆள் கிடையாதே, தலைப்பு எல்லாம் வரிசையாக வந்துவிட்டது, 'சம்மரி ஈக்குவல்ஸ் நோ' சேர்த்து அடக்கினேன்.

இப்போது தலைவலி ஆண்ட் (இரண்டு நிபந்தனையும் பொருந்தணும்), ஆர் (ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்) இரண்டையும் கலப்பதில்தான். தேதி நிபந்தனையைக் கடைசியில் ஆண்ட் போட்டுச் சேர்த்தால் அது கொத்தனார் வரியோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது, ஆள் இல்லாத வேலைகளோ கடைசிக்கட்டப் பெயின்டிங் வரைக்கும் கொட்டுகின்றன. நடுவில் ஆண்ட் மட்டும் உள்ள வெற்று வரி விட்டால் நிபந்தனைகள் தனித்தனிக் குழுவாகப் பிரியுமாமே, அதை எந்த இடத்தில் விட வேண்டும்? தேதியை இரண்டு பக்கமும் எழுதணுமா, ஒருமுறை போதுமா?

செய்து பார்த்தவர்கள் வரிகளை அதே வரிசையில் போடுங்கள், ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ரொம்ப நல்லது. அப்புறம், ஆள் வாரியாக வேலைகளைக் காட்டும் ரிசோர்ஸ் யூசேஜ் பார்வைக்குப் போனால் இந்த டாஸ்க் ஃபில்டர் அங்கே வருவதில்லை, அதற்கு வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.